கொம்பு ஏற்றி வந்த கப்பல்

அழகேசனுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. இதை அவர் தம் வாயால் சொன்னதில்லை. ஆனால் "தெரியாது" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவர்கள் தூத்துக்குடியிலும் இல்லை, டொராண்டோவிலும் இல்லை. இந்த ஊரில் வந்து இறங்கிய முதல் வாரமே, கம்பளிக் குல்லாய்க்குள் மூக்கு மட்டும் தெரிய நின்றிருந்தவரிடம் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வழி கேட்டாராம். அழகேசனுக்கு அப்போது தெரிந்தது ஒரே ஒரு தெரு, அவர் குடியிருந்த தெரு. அதனால் என்ன? நேரே போய், இடது பக்கம் திரும்பி, சர்ச்சைத் தாண்டி மூன்றாவது வீடு என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் போய்த் தட்டிய கதவை ஒரு பெண் திறந்தாள். அடுத்த கோடையில் அதே சர்ச்சில் இருவருக்கும் கல்யாணம். அழகேசனுக்குப் பத்திரிகை வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. வராமலா இருக்கும்?

ஆனால் கை என்றால் அது கை. கொதிகலன் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் டிராஃப்ட்ஸ்மேன். அளவுகோல் வைக்காமல் கோடு இழுப்பார். எறும்பு அதன்மேல் நடந்தால் கால் இடறாது. ஒருநாள் வெறுங்கையால் அவர் போட்ட வட்டத்தை நம்பாமல் மேலதிகாரி காம்பஸை வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அன்று மாலையே காம்பஸைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டார்கள்.

அழகேசனும் மனைவி லலிதாவும் குடியிருந்தது டான்ஃபோர்த் சாலைக்குப் பின்புறத் தெருவில், ஒரு செங்கல் வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரி ஃபுமி, ஜப்பானியப் பெண், தனி ஆள், ஸ்படைனா தெருவிலுள்ள தையல் கடைகளுக்குக் கோட்டுத் தைத்துக் கொடுப்பவர். வீடு கேட்டுப் போன அன்று, "என் பெயர் அழகேசன்" என்று இவர் கை நீட்ட, அந்த அம்மாளின் புருவம் நெற்றியின் பாதிவரை ஏறிவிட்டது. ஜப்பானியர்கள் மரியாதைக்காகப் பிறர் பெயருக்குப் பின்னால் 'சான்' போடுவார்கள். தன் பெயருக்குத் தானே போட்டுக்கொள்கிற ஆளை ஃபுமி அதுவரை பார்த்ததில்லை. "இவருடைய பெயர் அழகே. சான் என்பதை இவரே சேர்த்துக்கொள்கிறார். பெரிய வம்சமோ என்னவோ" என்று தன் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். உண்மை தெரிந்தபிறகும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை, கடைசிவரை 'அழகே-சான்'தான்.

லலிதாவுக்கு இது தேனாக இனித்தது. "நீங்க பொறக்கும்போதே உங்கம்மா ஒரு சானையும் சேத்துல்லா பெத்திருக்காக!"

வருஷப் பிறப்புக்கு ஃபுமி ஒரு பொட்டலம் மேலே அனுப்புவாள். அதில் அரிசி உருண்டை இருக்கும், மீன் இருக்கும், கூடவே முடிச்சுப் போட்ட கறுப்பு வார் போன்ற ஒன்றும் இருக்கும். அந்த வாரை லலிதா எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

"இது என்னதுங்க?"

"தோலு. ஊறவச்ச தோலு. ஜப்பான்ல விசேஷத்துக்குத் திம்பான்."

"செருப்பு வாரு மாதிரி இருக்கு."

"செருப்புக்கு வேற தோலு, இதுக்கு வேற தோலு. எனக்குத் தெரியும்லா."

லலிதா அதை அடுக்களை அலமாரியின் கடைசித் தட்டில் வைத்துவிடுவாள். எறியவும் மனம் வராது, தின்னவும் துணிச்சல் வராது.

எழுபத்தேழாம் வருஷம், கனடாவுக்கு ஜப்பானியர் வந்து நூறு வருஷம் ஆனதைக் கொண்டாட அவர்கள் ஊருக்கு ஊர் கமிட்டி போட்டார்கள். டொராண்டோவில் கோடையில் ஒரு கண்காட்சி என்று முடிவாயிற்று. ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். கிமோனோ, பழைய புகைப்படம், மீன்வலை, எதுவானாலும் சரி. ஃபுமி ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறி வந்தாள்.

"அழகே-சான், உங்களால் ஒரு கப்பல் வரைய முடியுமா?"

கேட்கவும் வேண்டுமா? "நான் துறைமுகத்துக்காரன், அம்மா" என்றார் இவர்.

அன்றுதான் ஃபுமியின் கதை மேலே வந்தது. அவளுடைய தாத்தா, ஜப்பானின் மேற்குக் கரையில் எச்சிஸென் பக்கம் ஒரு சிறு துறைமுகத்தில் கப்பல் தலைவர். 'சுமியோஷி மாரு' அவருடைய கப்பல். அந்தக் காலத்து வணிகக் கப்பல்கள் வாடகைக்குச் சரக்கு ஏற்றுகிற கப்பல்கள் அல்ல. அவையே மிதக்கும் கடைகள். ஒசாகாவில் பழந்துணி வாங்கி அடுத்த துறையில் விற்பது, அங்கே உப்பு வாங்கி அதற்கடுத்த துறையில் விற்பது, இப்படித் துறை துறையாகத் தொட்டுக்கொண்டே வடகோடிப் பனித் தீவுவரை போவார்கள். வசந்தத்தில் கிளம்பினால் குளிருக்கு முன் திரும்ப வேண்டும். திரும்பிவந்த தலைவர்கள் கோயிலுக்குத் தங்கள் கப்பலைப் பலகையில் வரைந்து காணிக்கையாக மாட்டுவார்கள். தாத்தா அதே ஓவியரிடம் வீட்டுக்கென்று இன்னொரு பலகையும் வரைந்து வாங்கினார். நீராவிக் கப்பல் வந்து பாய்க் கப்பல் ஓய்ந்தபிறகு, ஃபுமியின் அப்பா அந்தப் பலகையைச் சுமந்துகொண்டுதான் கனடாவுக்கு வந்தார்.

"இப்போது எங்கே?" என்றாள் லலிதா.

ஃபுமி கைப்பையின் பிடியைத் திருகினாள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பசிபிக் கரையிலிருந்த ஜப்பானியரையெல்லாம் அரசாங்கம் வீட்டைவிட்டு உள்நாட்டுக்குக் கிளப்பியபோது, ஆளுக்கு இவ்வளவு எடைதான் கொண்டுபோகலாம் என்றார்கள். அப்பா அப்போது உயிரோடு இல்லை, அண்ணன் கென்ஸோதான் மூட்டை கட்டினார். கட்டிய மூட்டையில் கப்பல் இல்லை. வீட்டில் விட்டுவிட்டார். வீடும் போயிற்று, வீட்டிலிருந்ததும் போயிற்று. அண்ணன் ஆல்பர்ட்டாவில் சர்க்கரைக்கான பீட்ரூட் காட்டில் வேலைக்குப் போனார். போர் முடிந்ததும் தங்கை டொராண்டோவுக்கு வந்தாள். அன்று முதல் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷா வருஷம் அவர் அனுப்பும் வாழ்த்து அட்டைக்குப் பதிலும் கிடையாது.

"கண்காட்சிக்கு ஆல்பர்ட்டாக்காரர்களும் வருகிறார்கள். அண்ணனும் வருகிறார்" என்றாள் ஃபுமி. "அவர் உள்ளே நுழையும்போது அந்தக் கப்பல் எதிரே நிற்க வேண்டும். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அது நின்றால் போதும்."

அவள் கீழே போனபிறகு லலிதா சொன்னாள்: "ஏங்க, இது படம் இல்ல. அடி."

"அடின்னா விழுற மாதிரி வரைஞ்சிருவோம்" என்றார் அழகேசன்.

வீட்டின் நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் உலையடுப்புக்குப் பக்கத்தில், ஆள் நீளப் பலகை ஒன்று நின்றது. சனி ஞாயிறுகளில் ஃபுமி ஒரு முக்காலியில் உட்கார்ந்து சொல்வாள், இவர் வரைவார். இவர் தூத்துக்குடித் தோணியை மனதில் வைத்துப் பாய் மேல் பாயாக ஏற்றப் பார்த்தார், அவள் விடவில்லை. "ஒரே பாய், அழகே-சான். சதுரமாக, வீடு போலப் பெரிதாக. துணிப் பட்டைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கோத்திருப்பார்கள். நடுநடுவே காற்று போக இடைவெளி." அழகேசன் ஒவ்வொரு கயிற்று முடிச்சையும் வரைந்தார். பக்கவாட்டில் மூங்கில் வேலி போல் பின்னிய சட்டங்கள். பின்னால் கதவளவு பெரிய சுக்கான். தளத்தில் குடுமி வைத்த குட்டிக் குட்டி மாலுமிகள். புயலில் அகப்பட்டால் அந்தக் குடுமியை அறுத்துச் சாமிக்கு நேர்ந்துகொள்வார்களாம். அழகேசன் மறக்காமல் ஒரு மாலுமியின் தலையை மட்டும் மொட்டையாக விட்டார். ஃபுமி அதைக் கண்டுபிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை செய்கிற கைக்கு அவள் கதையும் சொன்னாள். துறைமுகம்தோறும் வானம் பார்க்கிற குன்று ஒன்று உண்டு. தலைவர்கள் விடியலில் ஏறி, மேகத்தைப் பார்த்து, இன்று போகலாமா வேண்டாமா என்று முடிவு சொல்வார்கள். குன்றின்மேல் ஜிஸோ என்று ஒரு கற்சாமி நிற்கும். மாலுமிகள்மேல் ஆசை வைத்த பெண்கள் இருட்டோடு இருட்டாகப் போய் அந்தச் சாமியைக் கயிற்றால் கட்டிப்போட்டுவிடுவார்களாம். சாமிக்குக் கோபம் வந்து வானத்தைக் கெடுத்துவிடும். கப்பல் கிளம்பாது. ஆள் ஊரிலேயே இருப்பான்.

காப்பி கொண்டுவந்த லலிதா படியிலேயே நின்றுவிட்டாள். "அருமையான ஊரு! இங்க பனி தானா கொட்டியும் இவரு ஆபீசுக்குப் போயிருதாரே. எதைக் கட்டணும்னு கேட்டுச் சொல்லுங்க."

கப்பல் முடிந்தது. சரக்கு மட்டும் பாக்கி.

"தாத்தாவின் கப்பல் வடக்கேயிருந்து திரும்புகிற படம் அது" என்றாள் ஃபுமி. "தளம் முழுக்கக் கொம்பு. கட்டுக் கட்டாக, மனிதர் தலைக்கு மேலே."

அழகேசனின் தூரிகை அந்தரத்தில் நின்றது. "கொம்பா?"

"கொம்பு" என்றாள் அவள். "எங்களுக்குக் கொம்பு இல்லாமல் சமையலே கிடையாது."

"எவ்வளவு பெரிது?"

"மனிதரைவிட நீளம். கொக்கி கட்டிய கழியால் இழுத்து அறுப்பார்கள். கரையில் பரப்பிக் காயவைப்பார்கள். காய்ந்தால் கறுத்துவிடும். கொதிக்கவைத்தால் அருமையான சூப்."

மாடி ஏறும்போது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "லலிதா! ஜப்பான்காரனுக்கும் கொம்பு, கொம்புதான்! ஒரு எழுத்து மாறல! நம்மாளு எப்பவோ அங்க போயிக் கத்துக்குடுத்திருக்கான்!"

"எதோட கொம்பாம்?"

"பனித் தீவுல்லா, மானுதான். பெரிய சாதி மானு."

"அந்தம்மா மானுன்னு சொன்னாகளா?"

"கொம்புன்னா மரத்துலயா முளைக்கும்?"

"ஒரு வார்த்த கேட்டுட்டு வரைஞ்சா என்ன கொறஞ்சா போயிருவீக?"

"கொம்பைப் போயிக் கேப்பானா ஒருத்தன்? கேக்கவன் சிரிப்பான்."

அடுத்த சனிக்கிழமை மிருகக்காட்சிசாலைக்குப் போய், கனடாவின் மூஸ் மானைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எழுதினார். ஜப்பான் மானின் கொம்புக்கு ஆள் உயரம் வேண்டுமே என்று அதன் கொம்பை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். வெயிலில் காய்ந்த கறுப்பு, ஓரத்தில் ஈரத்தின் பளபளப்பு என்று கிளை கிளையாகப் பிரிகிற கொம்புகள் கட்டுக் கட்டாக எழுந்தன. கைக்காரர் கை அல்லவா? ஒவ்வொன்றும் எட்டிப் பிடிக்கலாம் போல் இருந்தது. சரக்கு அந்த அம்மாளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பலகைமேல் படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டு, திறப்பு நாள்வரை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

படத்தைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேன் கொண்டுவந்தவர் தில்லையம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர். ஏற்றும்போது விரிப்பின் ஒரு முனை நழுவியது.

"அண்ணை, உது என்ன? கப்பலுக்குக் கொம்பு முளைச்சுக் கிடக்கு!"

"சரக்கு தம்பி. அந்தக் காலத்துல ஜப்பான்ல கொம்பு வியாபாரம்தான் பெரிசு."

"ஓம், இருக்கும். நான் உதைப் பற்றி என்னத்தைக் கண்டன்" என்று தில்லையம்பலம் வண்டியைக் கிளப்பினார். ஆனால் போகிற வழியெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

ஜப்பானியர் மன்றத்துக் கூடம் நிறைந்திருந்தது. ஒரு மேசையில் பொம்மைகள், ஒன்றில் வலைகள், இன்னொன்றில் பழங்கால வணிகக் கப்பல்களின் சரக்குகள் என்று உப்பும் அரிசியும் வேறு சிலவும் கிண்ணங்களில். வாசலுக்கு நேர் எதிரே, ஃபுமி கேட்டபடியே, விரிப்புப் போர்த்திய பலகை. அவள் நீலக் கிமோனோவில் அதன் பக்கத்தில் நின்றாள். ஆல்பர்ட்டாக்காரர்கள் வந்தார்கள். கடைசியாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் சுருங்கிய முகத்தோடு ஒரு பெரியவர் உள்ளே வந்து சுவரோரம் நின்றார். ஃபுமி அவரைப் பார்க்கவில்லை. ஆனால் விரிப்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போனதை அழகேசன் பார்த்தார்.

இழுத்தாள்.

முதலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அந்த வீடளவுப் பாயைப் பார்த்துவிட்டு வந்த மூச்சு. பிறகு கண்கள் கீழே இறங்கின. கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது என்ன?"

"கொம்பு" என்றார் அழகேசன்.

"ஆமாம், கொம்பு. எங்கே?"

"இதோ, கொம்பு."

"அதுதான். கொம்பு எங்கே?"

"ஐயா, இதுதான் கொம்பு!"

"இது கொம்பு இல்லையே!"

இப்படியே இருவரும் பொழுது சாயும்வரை பேசியிருப்பார்கள். ஃபுமிதான் சரக்கு மேசைக்கு நடந்துபோய், ஒரு கிண்ணத்திலிருந்து கறுத்து மடங்கிய ஒன்றை எடுத்துவந்து அழகேசனின் கையில் வைத்தாள். "அழகே-சான், கொம்பு இது. கடலடியில் வளர்கிற பாசி. வருஷப் பிறப்புக்கு நான் உங்களுக்கு அனுப்புவேனே?"

அழகேசன் கையைப் பார்த்தார். செருப்பு வார்! அடுக்களை அலமாரியின் கடைசித் தட்டில் வருஷக்கணக்காக அடுக்கிக்கிடந்த அத்தனை கொம்பும் ஒன்றாகச் சேர்ந்து அவரை முட்டின. பின்னாலிருந்து லலிதாவின் மூச்சு கேட்டது. ஆனால் அதைவிடப் பெரிதாக அவர் கண்ணில் பட்டது ஃபுமியின் முகம். முப்பத்தைந்து வருஷம் சேர்த்துவைத்த ஒரே ஒரு அடி. அது இப்போது எல்லோர் முன்னாலும் மான்கொம்போடு நின்றது. எங்கோ ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. அவள் தலை குனிந்தாள்.

சுவரோரம் நின்ற பெரியவர் முன்னால் வந்தார். படத்துக்கு மிக அருகில் நின்று பாயைப் பார்த்தார், முடிச்சுகளைப் பார்த்தார், மொட்டை மாலுமியைப் பார்த்தார், கடைசியில் சரக்கைப் பார்த்தார்.

"நீங்களா வரைந்தீர்கள்? இது எந்த விலங்கின் கொம்பு?"

அழகேசனின் நாக்கில் பனித் தீவுப் பெரிய சாதி மான் தயாராக இருந்தது. அதன் எடை, அது தின்னும் புல் எல்லாமே வரிசையில் நின்றன. அவர் மறுபடியும் ஃபுமியைப் பார்த்தார்.

"தெரியாது" என்றார்.

லலிதா பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாது" என்றார் கென்ஸோ. "எனக்குத் தெரியும்." கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "என் தாத்தா சொல்லியிருக்கிறார். வடகடலில் ஒருவகை மான் உண்டு. குளிர்காலத்தில் தீவுவிட்டுத் தீவு நீந்தும். களைத்துப்போனால் கப்பலோரம் வந்து கொம்பைக் கழற்றி மாலுமிகளிடம் கொடுத்துவிட்டுப் போகும். வசந்தத்தில் வந்து திருப்பி வாங்கிக்கொள்ளும். தாத்தா ரசீதுகூடக் கொடுப்பார்."

"நீ-சான்! பொய்!"

கூடமே திரும்பியது. 'நீ-சான்' என்றால் அண்ணா. சொன்னது ஃபுமி. சொன்னபிறகுதான் அவளுக்கே தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கிளம்பின வார்த்தை கிளம்பினதுதான்.

"பொய்யா? உனக்கென்ன தெரியும், நீ சின்னப் பெண்" என்றார் கென்ஸோ, கண்ணெல்லாம் சிரிப்பாக.

"தாத்தா மானையே பார்த்ததில்லை! நீ எப்போதும் இப்படித்தான். கதை கட்டுவாய். மூட்டை கட்டச் சொன்னால் கப்பலை விட்டுவிட்டுத் தையல் மெஷினைத் தூக்குவாய்!"

"தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது."

"அந்த மெஷினில் தைத்துத்தான் நான் இந்த ஊரில் வீடு வாங்கினேன்!" அதையும் அவள் திட்டுவது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே கொம்புகளைப் பார்த்தாள், சிரிப்பும் வந்துவிட்டது. அண்ணன் கைக்குட்டை நீட்டினார். "மூஸ்!" என்று அவள் விரலால் காட்ட, இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் சிரித்தார்கள். அன்றைய கண்காட்சியில் யாரும் பொம்மைகளைப் பார்க்கவில்லை. கப்பலுக்கு முன்னால்தான் வரிசை.

வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் இறங்கியபிறகு லலிதா, "நல்லா சொன்னீக" என்றாள்.

"எதை?"

"அந்தத் தெரியாதை."

அடுத்த வாரம் சண்டை வேறு மாதிரி ஆயிற்று. அழகேசன் பலகையைத் துடைத்துப் பாசி வரைந்து தருகிறேன் என்று பெயின்ட்டோடு நிலவறைக்குப் போனார். தங்கையின் வீட்டில் தங்கியிருந்த கென்ஸோ தூரிகையைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு கோடு மாற்றக்கூடாது. இந்தக் கப்பல் ஆல்பர்ட்டாவுக்கு வருகிறது என்றார். முடியாது, இது என் கப்பல் என்றாள் ஃபுமி. ஒரு தடவை நான் விட்டுவந்தேன், இந்தத் தடவை நான்தான் தூக்குவேன் என்றார் அவர். உனக்கு வயதாகிவிட்டது என்றாள் அவள். இரண்டு நாள் மாடிவரை கேட்டது. லலிதா அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள். பாஷை புரியாவிட்டால் என்ன, அண்ணன் தங்கை சண்டைக்குப் பாஷையா வேண்டும்? கடைசியில், தனக்கென்று அழகேசன் இன்னொரு கப்பல், அசல் கடற்பாசியோடு, வரைந்து தர வேண்டும் என்ற நிபந்தனையில் ஃபுமி இறங்கிவந்தாள். அந்த வேலையில் இவர் ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே இறங்கிக் கேட்டார். "அழகே-சான், போதும், எனக்குத் தைக்கிற வேலை இருக்கிறது" என்று அவள் கும்பிட்டாளாம்.

யூனியன் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனார்கள். தில்லையம்பலம் வேன்தான். தன் மெத்தைப் போர்வையால் ஃபுமி பலகையைச் சுற்றி, தன் கையாலேயே தைத்து மூடியிருந்தாள். கென்ஸோ யாரையும் தொடவிடவில்லை. ஆள் நீளப் பலகையை முதுகில் வைத்துக்கொண்டு, வளைந்த காலோடு, பிளாட்பாரம் முழுக்க அவரே நடந்தார். பின்னால் தங்கை, "சாய்க்காதே, பாய் கிழியும்" என்று அதட்டிக்கொண்டே போனாள்.

ரயில் பெட்டி வாசலில் சீருடைக்காரர் தடுத்தார். "என்ன இது?"

"கப்பல்" என்றார் கென்ஸோ.

"உள்ளே என்ன சரக்கு?"

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொம்பு" என்றார்கள் இரண்டு பேரும்.

சீருடைக்காரர் அழகேசன் பக்கம் திரும்பினார். "கொம்பா? அப்படியென்றால்?"

அழகேசன் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்தார்.